சந்திரலேகா எதைக் கலந்தாள்?

"ஏறுங்க. அவ வர்றதுக்குள்ள ஏறுங்க!"

மலர்க்கொடி கணவரின் முதுகில் கை வைத்துக் காருக்குள் தள்ளினாள். சுப்பராயலு ஒரு கையால் கதவையும் மறு கையால் பிளாஸ்டிக் பையையும் பிடித்திருந்தார். பையில் சற்றுமுன் எடுத்த வாந்தி. காலையில் குடித்த கஞ்சித் தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை.

"எங்க போறோம் மலரு?"

"போற எடத்துல தெரியும். பழனிவேலு, வண்டிய எடுடா!"

தம்பி பழனிவேல் சாவியைத் திருகினான். வாடகைக்கு ஓட்டுகிற பழைய கார் இருமியது, செருமியது, ஒருவழியாகக் கிளம்பியது. அதற்குள் திருப்பாதிரிப்புலியூர் சன்னதித் தெரு முனையில் சந்திரலேகா திரும்பிவிட்டாள். கையில் மாதுளம்பழப் பை. மாமனாரைக் காரில் பார்த்ததும் செருப்பு கழலக் கழல ஓடி வந்தாள்.

"அத்தை! மாமாவ எங்க கூட்டிக்கிட்டு போறீங்க? அத்தை, நில்லுங்க!"

மலர்க்கொடி கண்ணாடியைச் சர்ரென்று ஏற்றினாள்.

"வுடாதடா. நின்னா இன்னிக்கும் எதையாவது கலந்து குடுத்துடுவா."

கார் வேகமெடுத்தது. பின்கண்ணாடியில் சந்திரலேகா சிறிதாகி, புள்ளியாகி, மறைந்தாள். பெற்ற மகன் செந்தமிழ்செல்வனுக்குக்கூடச் சொல்லாமல் செய்கிற காரியம். அவன் ஓசூரில் ஷிப்டு வேலையில் கிடக்கிறான். அவனிடம் என்னவென்று சொல்வது? உன் பெண்டாட்டி உன் அப்பனுக்கு விஷம் வைக்கிறாள் என்றா?

இத்தனைக்கும் சந்திரலேகாவைப் பற்றி இந்த வாந்தி தொடங்கும்வரை அவள் ஒரு குறை சொன்னதில்லை. பிச்சாவரம் பக்கத்துப் பெண். அதிர்ந்து பேசமாட்டாள். பொங்கல் கழிந்து சுப்பராயலுவுக்குக் குடலில் புண் என்று சிதம்பரத்து ஆஸ்பத்திரியில் ஒரு துண்டை வெட்டி எடுத்தபோது, ராத்திரி பகல் பாராமல் கூட இருந்தவள் அவள்தான். புண் ஆறுவதற்குச் சத்து மருந்து ஏற்றவேண்டும், சில வாரத்துக்கு ஒருமுறை வந்து போகவேண்டும் என்று டாக்டர் சொன்னாராம்.

சொன்னாராம். அங்கேதான் இடித்தது. டாக்டர் சொன்னதை மலர்க்கொடி தன் காதால் கேட்டதே இல்லை. "கூட ஒருத்தரத்தான் உள்ள வுடுவாங்க அத்தை" என்று ஒவ்வொரு தடவையும் சந்திரலேகாவே கிளம்பிவிடுவாள். போகும்போது மனிதர் விறுவிறுவென்று நடந்து போவார். ரயில்வே ஸ்டேஷன் எதிரில் சைக்கிள் ஸ்டாண்டு நடத்துகிறவர். புல்லட்டை ஒற்றைக் கையால் நகர்த்தி வைக்கிற ஆள். திரும்பி வரும்போது முகம் சாம்பல் பூத்திருக்கும். மறுநாள் ஆரம்பிக்கும் வாந்தி. அடுப்பில் கடுகு வெடித்தால் வாந்தி. சோப்பு வாசம் பட்டால் வாந்தி. சும்மா உட்கார்ந்திருந்தாலும் வாந்தி.

சத்து மருந்து ஏற்றிய மனிதன் இப்படியா ஆவான்?

மலர்க்கொடி கவனிக்க ஆரம்பித்தாள். ஒருநாள் சந்திரலேகா கொடுத்த தண்ணீரை வாயில் வைத்தவர், தொண்டையைப் பிடித்துக்கொண்டு துள்ளினார். ஊசி ஊசியாகக் குத்துகிறதாம். அதே குடத்துத் தண்ணீரை மலர்க்கொடி குடித்துப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது, அவ்வளவுதான். இன்னொரு நாள், சோற்றுக்கு முன்னால் சந்திரலேகா அவர் நாக்கில் சின்னதாக, வெள்ளையாக எதையோ வைத்ததைக் கதவிடுக்கில் பார்த்தாள். "வாயை மூடிக்குங்க மாமா. தானா கரைஞ்சிடும்." கேட்டால், "வயித்துக்கு மாத்திரை அத்தை" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மருமகள் கைச் சோறுதான் ஆகவில்லையோ என்று மலர்க்கொடியே இட்லி அவித்துக் கொடுத்தாள். அதுவும் வெளியே வந்தது. அப்படியென்றால் மாவிலேயே கலந்திருக்கிறாளா? அதே மாவில் சுட்ட இட்லியை மூன்று பேரும்தானே சாப்பிட்டோம்? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது.

"இதுல யோசிக்க என்னாக்கா இருக்குது?" பழனிவேல்தான் போட்டு உடைத்தான். "இடுமருந்து. சோத்துல வச்சு குடுக்கிறது. தின்னவன் வச்சவ பேச்ச கேட்டுக்கிட்டு கெடப்பான். மாமா என்னிக்காவது யாரு பேச்சையாவது கேட்டிருக்காரா? இப்ப மருமவ 'மாமா, படுங்க'ன்னா படுக்கிறாரு, 'எழுந்திருங்க'ன்னா எழுந்திருக்கிறாரு. சேத்தியாத்தோப்புல ஒருத்தரு அதை எடுக்கிறாரு. எங்கூட வண்டி ஓட்டுறவனுக்கே எடுத்தாரு."

அன்றிலிருந்து மலர்க்கொடி மருமகளை 'விஷக்காரி', 'சூனியக்காரி' என்று ஏச ஆரம்பித்தாள்.

கார் குறிஞ்சிப்பாடியைத் தாண்டியது. சுப்பராயலு கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார்.

"அக்கா, மாமாவுக்கு வாந்தி வருதா பாரு. சீட்டு கவரு புதுசு."

"ஒஞ் சீட்டு கவருல இடி வுழ! மனுசன் சாவக் கெடக்கிறாரு."

"பயப்படாத மச்சான்," என்றார் சுப்பராயலு கண் திறக்காமலே. "உள்ள ஒண்ணும் மிச்சமில்ல."

பழனிவேல் சிரித்தான். மலர்க்கொடிக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனிதருக்குக் கொஞ்சமும் பயம் இல்லையே, ஏன்? யாரோ தன்னைக் கொல்கிறார்கள் என்றால் ஒரு ஆள் இப்படியா கேலி பேசுவான்? அதுவும் மருந்தின் வேலையோ?

சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஓட்டு வீடு. வாசலில் பெஞ்சு போட்டுச் சிலர் காத்திருந்தார்கள். மருந்து எடுக்கிறவர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் பெரிய செல்போனோடு ஒரு பேங்க் மேனேஜர் மாதிரி இருந்தார். சுப்பராயலுவைப் பாயில் படுக்க வைத்து வயிற்றை அழுத்தினார். ஆபரேஷன் தழும்பைப் பார்த்ததும் அவர் விரல்கள் சட்டென்று நின்றன.

"இது என்னா?"

"குடல் புண்ணுங்க. அறுத்து எடுத்தாங்க."

"ம்." விரல்கள் தழும்பை விட்டு விலகி நகர்ந்தன. "பொம்பள கை. சொந்தத்துல வந்தவ. தண்ணி சூழ்ந்த ஊரு."

பிச்சாவரம்! மலர்க்கொடி தம்பியைப் பார்த்தாள். அவன் 'நான் சொன்னேன்ல' என்பதுபோலத் தலையை ஆட்டினான். நேற்று போனில் நேரம் கேட்டபோது அவன் என்னென்ன உளறினான் என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

ஒரு டம்ளர் நிறையப் பச்சைச் சாறு வந்தது. நாற்றம் தூக்கலாக இருந்தது. சுப்பராயலு எழுந்து உட்கார்ந்து டம்ளரை வாங்கினார். குடிக்கவில்லை. மனைவியையே பார்த்தார்.

"இதைக் குடிச்சிட்டா ஒனக்கு மனசு ஆறுமா மலரு?"

"ஒங்க ஒடம்பு ஆறணுங்க. எனக்கு அதுதான் வேணும்."

அவர் ஒரே மடக்கில் குடித்தார்.

அடுத்த நிமிடம் வீடு அதிர்ந்தது. குனிந்தவர் நிமிரவில்லை. மருந்து எடுக்கிறவர் பித்தளைத் தட்டை நீட்டி, விரலை விட்டுத் துழாவி, கறுப்பாக ஒரு சுருளைத் தூக்கிக் காட்டினார். முடி. உருண்டையாக, கெட்டியாக.

"பாத்துக்குங்க. வேரோட வந்துடுச்சி."

பழனிவேல் கன்னத்தில் போட்டுக்கொண்டான். கையும் களவுமாகப் பிடிபட்டாள் சந்திரலேகா!

ஆனால் வாந்தி நிற்கவில்லை.

எல்லாம் வெளியே வந்துவிட்டது என்றார் அவர். சுப்பராயலுவின் வயிறு அதை நம்பவில்லை. மஞ்சளாக வந்தது. பச்சையாக வந்தது. பிறகு ஒன்றும் வராமல் வெறுமனே குமட்டியது. விரல்கள் கொக்கிபோல இழுத்துக்கொண்டன. உதடு வெளுத்தது. கண் மேலே செருகியது.

"என்னாங்க! ஏங்க! இந்தா, என்னா சாமி ஆச்சு?"

மருந்து எடுத்த அந்த 'பேங்க் மேனேஜர்' பின்னால் நகர்ந்திருந்தார். "வண்டியில ஏத்துங்க. மொதல்ல வண்டியில ஏத்துங்க. இங்க வச்சிக்காதீங்க."

கார் புவனகிரிச் சாலையில் பறந்தது. வழியில் எந்த ஆஸ்பத்திரியிலாவது நிறுத்து என்று மலர்க்கொடி கத்தினாள். மடியில் கிடந்த சுப்பராயலு அவள் புடவையைப் பிடித்து இழுத்தார்.

"சிதம்பரம்... நான் வழக்கமா போற எடம்..."

பழனிவேலின் போன் அலறியது. சந்திரலேகா. அவன் ஸ்பீக்கரில் போட்டான்.

"மாமா எங்க? என்னா குடுத்தீங்க அவருக்கு?"

"நீ குடுத்ததத்தான்டி வெளிய எடுத்தோம்!" மலர்க்கொடி போனைப் பார்த்து வெடித்தாள். "இப்ப நிக்காம எடுக்கிறாரு. என்னாடி வச்ச? அதையாவது சொல்லித் தொலை!"

சந்திரலேகா குறுக்கே பேசினாள்.

"அத்தை, திட்டுறத அப்பறம் திட்டுங்க. மாமா தானா போட்டுக்கட்டும்னு அலமாரி மேல ஒரு வெள்ள மாத்திரை அட்டை வச்சிருந்தேனே, எடுத்தாந்தீங்களா? ஒண்ண நாக்குல வைங்க. தண்ணி வேணாம்."

"அதைத்தான் சாக்கடையில போட்டுட்டேனே!"

"எப்ப?"

"அவரு போன தடவை சிதம்பரத்துலேந்து வந்து, நானே சோறு குடுக்க ஆரம்பிச்ச அன்னிக்கி."

மறுமுனையில் சந்திரலேகா மூச்சை இழுப்பது கேட்டது. அழுகையா, கோபமா, தெரியவில்லை. "அதான் இந்தவாட்டி இவ்ளோ ஜாஸ்தியா... சரி. நேரா ஆஸ்பத்திரி மாடிக்கு போங்க. அனுப்பிரியான்னு ஒரு சிஸ்டர் இருப்பாங்க. எப்படியும் அங்கதான் வருவீங்கன்னு நான் பஸ் ஏறிட்டேன்."

விஷம் வைத்தவள் ஏன் மாத்திரை கேட்கிறாள்? ஏன் ஓடி வருகிறாள்? மலர்க்கொடிக்குக் கையில் பிடித்திருந்த கயிறு எங்கோ நழுவியது.

ஆஸ்பத்திரி மாடியில் கதவின் மேல் 'ஆன்காலஜி டே கேர்' என்று எழுதியிருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தாள். எழுத்து புரிந்தது, சங்கதி புரியவில்லை. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

நீளமான ஹால். வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், கட்டில்கள். எல்லோர் கையிலும் டிரிப். எல்லோர் பக்கத்திலும் ஒரு பிளாஸ்டிக் பை. ஒருவர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்திருந்தார். தலையில் துணி சுற்றிய ஒரு பெண் பைக்குள் முகத்தை வைத்துக் குமட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் குமட்டல். அதே குமட்டல். தன் வீட்டுக் கொல்லையில் இத்தனை நாள் கேட்ட அதே சத்தம்.

ஊர் பூராவுமா மருமகள்கள் கிளம்பிவிட்டார்கள்?

"சுப்பராயலு அப்பாவா? சந்திரலேகா அக்கா வரலியா?" நர்ஸ் ஒருத்தி ஓடி வந்தாள். இவள்தான் அனுப்பிரியா போலிருக்கிறது. நாடி பிடித்தாள், பிரஷர் பார்த்தாள், முகம் மாறினாள். மடமடவென்று ஊசி, சலைன். "என்னா சாப்ட்டாரு? சொல்லுங்கம்மா, டாக்டர் கேப்பாங்க."

"ஒரு பச்சச் சாறு. மருமவ வச்ச இடுமருந்த எடுக்கிறதுக்கு."

அனுப்பிரியா அவளை நிமிர்ந்து பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று மலர்க்கொடி நினைத்தாள். அவள் திட்டவில்லை. டாக்டரைத் தேடிக்கொண்டு ஓடினாள்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர் சுருண்டு கிடந்தார். அவர் மனைவி தில்லையம்மாள் ஈரத் துணியால் அவர் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நடராஜர் கோயில் கீழ வீதியாம். வந்த உடனே அவளே சொன்னாள். மலர்க்கொடி அவள் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

"இவருக்கும் வாந்தியா?"

"விடாம. நேத்திலேந்து."

"ஒங்க வூட்ல யாருங்க வச்சது? மருமவளா?"

தில்லையம்மாள் விழித்தாள். "எங்காத்துல மருமகளே கெடையாதே. நாங்க ரெண்டு பேர்தான். நான்தான் சமையல்."

மலர்க்கொடி ஒரு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். மருமகளே இல்லாத வீட்டிலும் வாந்தி. அப்படியென்றால் கோளாறு வீட்டில் இல்லை. இங்கே. இந்த ஹாலில். டிரிப்பில்! இங்கே வந்துபோனால்தானே அவருக்கு ஆரம்பிக்கிறது? சந்திரலேகா கலக்கவில்லை, கலக்குகிற இடத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிவருகிறாள்!

டாக்டர் அம்மா வந்தார். வயிற்றைத் தொட்டார், நாக்கை நீட்டச் சொன்னார், ரத்தம் எடுக்கச் சொன்னார்.

"உப்புச் சத்து ரொம்ப இறங்கியிருக்கும்மா. கிட்னி தாங்கணும். வாந்திய நிறுத்துற மாத்திரைய யாரு நிறுத்துனது? இப்படி இருந்தா அடுத்த மருந்த ஏத்த முடியாது. தள்ளிப்போட்டா அவருக்குத்தான் கஷ்டம்."

"அடுத்ததா? அடுத்தது கெடையாது!" மலர்க்கொடி எழுந்துவிட்டாள். ஹாலே திரும்பிப் பார்த்தது. "நல்லா இருந்த மனுசன இங்க கூட்டியாந்து கூட்டியாந்து கொடலை புடுங்கறீங்க. கழட்டுங்க இந்த ஊசிய. பழனிவேலு, மாமாவ தூக்கு!"

"அக்கா, போலீசுக்கு போன போடட்டா?"

"போடு!"

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு சந்திரலேகா வந்தாள். பஸ் காற்றில் தலை கலைந்திருந்தது. காலில் ஒரு செருப்புதான். நேராக மாமனாரின் கட்டிலுக்குப் போய் டிரிப் போட்ட கையைத் தன் முந்தானையால் சுற்றினாள். "கை ஜில்லுன்னு இருந்தா அவருக்கு குத்தும் சிஸ்டர்."

"தொடாதடி அவரை!" மலர்க்கொடி அவள் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "இங்க என்னா நடக்குது? இத்தினி பேரும் ஏன் வாந்தி எடுக்கிறாங்க? சத்து மருந்துன்னியே, எந்த ஊரு சத்துடி இது? சொல்லு!"

சந்திரலேகா முந்தானையை இன்னும் இறுக்கிச் சுற்றினாள். கண்ணில் நீர் முட்டியது.

"அம்மா, இது வந்து..." என்று அனுப்பிரியா ஆரம்பித்தாள்.

"வேணாம் சிஸ்டர்!" சந்திரலேகா கத்தியேவிட்டாள். பிறகு குரல் இறங்கியது. "போலீசுக்கு வேணும்னா போங்க அத்தை. என்னை உள்ள வைங்க. ஆனா ஊசிய மட்டும் கழட்டாதீங்க. ஒங்க கால்ல வுழறேன்."

"காரணத்த சொல்லு, கழட்டல."

"என்னால முடியாது."

"அப்ப கழட்டுறேன்."

மலர்க்கொடி கட்டிலருகே குனிந்தாள். டிரிப் குழாயை ஒட்டியிருந்த பிளாஸ்டரின் முனையில் நகத்தை வைத்தாள். சந்திரலேகா அவள் கையைப் பிடிக்கப் பாய்ந்தாள். அதற்கு முன்னால் இன்னொரு கை மலர்க்கொடியின் மணிக்கட்டைப் பிடித்தது.

சுப்பராயலு கண் திறந்திருந்தார்.

"வுடு மலரு." குரல் காய்ந்த ஓலைபோல வந்தது. "எம் மேல நீ வச்சிருக்கிற ஆசையில என்னையே கொன்னுடுவ போலிருக்கு."

"இவுங்க ஒங்கள என்னமோ பண்றாங்க..."

"வைத்தியம் பண்றாங்க. கொடல்ல இருந்தது புண்ணு இல்ல. கேன்சரு. அறுத்தாச்சி. மிச்சம் மீதி எங்கியாவது ஒட்டிக்கிட்டிருந்தா அதைக் கொல்லுறதுக்குத்தான் இந்த டிரிப்பு. அது எரிச்சிக்கிட்டே போவும். வாந்தி அதால வர்றது, ஜில்லுன்னு பட்டா குத்துறதும் அதாலதான்."

மலர்க்கொடிக்குக் காதில் ஹாலின் சத்தமெல்லாம் நின்றுபோனது. "கேன்சருன்னா முடி கொட்டுமே? இவருக்கு ஒரு முடி கொட்டலியே?" என்றாள். "எல்லா மருந்துக்கும் கொட்டாதும்மா," என்றார் டாக்டர். எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் டாக்டரைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், தில்லையம்மாளைப் பார்த்தாள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்லத் தலையசைத்தாள்.

நகம் பிளாஸ்டரை விட்டு விலகியது. அவள் மெதுவாகச் சந்திரலேகா பக்கம் திரும்பினாள்.

"ஒனக்கு தெரியுமா?"

"தெரியும் அத்தை."

"எப்பலேந்து?"

"ஆபரேஷன் அன்னிலேந்து."

"எம் புருசன்டி! கட்டிக்கிட்டு வந்தவ நானு. விஷக்காரி, சூனியக்காரின்னு நான் என்னா பேச்சு பேசுனேன் ஒன்னை! வாங்கிக்கிட்டு நின்னியே, ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த மாத்திரைய நான் தூக்கிப் போட்டிருப்பனா? அந்தச் சாற அவரு வாயில ஊத்தியிருப்பனா? ஏன்டி சொல்லல? எவன் சொல்லிக் குடுத்தான் ஒனக்கு இந்த அமுக்கத்தை? எம் புள்ளையா?"

சந்திரலேகா மாமனாரைப் பார்த்தாள்.

சுப்பராயலு மனைவியின் மணிக்கட்டை இன்னும் விடவில்லை.

"அவளை கேக்காத. செந்தமிழுக்கும் இன்னிக்கி வரைக்கும் தெரியாது. நீ சோறு தண்ணி இல்லாம படுத்துடுவ, ரெண்டு பேரும் ஒண்ணா போய்ச் சேருவோம்னு பயந்துட்டேன். செத்தாலும் என் மலருக்கு சொல்லமாட்டேன்னு அந்தப் புள்ள கையில சத்தியம் வாங்குனது நான்தான்."